திருப்பித் தர முடியாத ஓராண்டு

லெம்வி நகரத்துக் கடைத்தெருவில், வீட்டுச் சாமான்களும் மின்சாதனங்களும் விற்கும் கடையொன்றில், பொருள் மாற்றிக் கொடுக்கும் கவுண்டருக்குப் பின்னால் டோர்தே இருபது ஆண்டுகளுக்கு மேலாக நின்றிருக்கிறாள். கிறிஸ்துமஸ் முடிந்து கடை திறக்கும் முதல் நாளில் அவளுக்கு முன்னால் நிற்கும் வரிசை வாசலைத் தாண்டி, பக்கத்து ரொட்டிக் கடையின் கண்ணாடி வரை நீளும். ஒரே பூச்சாடியை மூன்று அத்தைமார் கொடுத்துவிட்டார்கள் என்பார் ஒருவர். நிறம் சோபாவுக்குப் பொருந்தவில்லை என்பார் மற்றொருவர். மாற்றிக்கொள்வதற்கான சீட்டை அடியில் ஒட்டித்தான் பரிசு கொடுப்பது அவ்வூர் வழக்கமாதலால், இதில் யாருக்கும் கூச்சமில்லை. கூச்சம் இல்லாததைப் போலவே உண்மையும் இருப்பதில்லை. பெட்டியைப் பிரிக்கவே இல்லை என்று ஒருவர் அடித்துச் சொல்லும் காப்பி இயந்திரத்தின் வடிகட்டியில் ஈரத்தூள் அப்பியிருக்கும். மனைவிக்குப் பிடிக்கவில்லை என்று திரும்பி வரும் வாணலியின் கைப்பிடி இடுக்கில் முட்டை காய்ந்திருக்கும். டோர்தே யாரையும் எதுவும் கேட்பதில்லை. பொருளைக் கவிழ்ப்பாள், மூடியைத் திறப்பாள், ஒருமுறை மோந்து பார்ப்பாள், பிறகு ஆளைப் பார்ப்பாள். ஆள் தானாகவே பேச்சைக் குறைத்துக்கொள்வார்.

பொருளுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது அவளுடைய முடிந்த முடிவு.

சில ஆண்டுகளாகப் பரிசுகளின் போக்கு மாறிவந்தது. பூச்சாடிக்கும் வாணலிக்கும் பதிலாக, பலூனில் பறப்பதற்கு ஓர் அட்டை, வெந்நீர்க் குளத்தில் ஒரு நாள் ஊறிக் கிடப்பதற்கு ஓர் அட்டை என்று கொடுக்கத் தொடங்கினார்கள். அவற்றுள் எதுவும் டோர்தேவின் கவுண்டருக்குத் திரும்பி வரவில்லை. அதுவே அவற்றின்மேல் அவளுக்கு எழுந்த முதல் ஐயம்.

"திரும்பி வரலன்னா எல்லாருக்கும் பிடிச்சிருக்குன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டாள், பக்கத்துக் கல்லாவில் நிற்கும் யுட்டே.

"பிடிக்கலன்னா எங்க கொண்டு போய்த் திருப்பித் தருவாங்க? ஆகாயத்துலயா?"

"நீயும் ஒரு தடவை பலூன்ல போய்ப் பாரேன், டோர்தே. மூஞ்சியில கொஞ்சம் காத்துப் படும்."

"போயிட்டு வந்தவங்க யாராச்சும் நல்லா இல்லன்னு சொல்லி நீ கேட்டிருக்கியா? இல்லல்ல? அதான் எனக்கு இடிக்குது."

இந்த ஐயம் அவளுடைய சிறுவயதிலேயே முளைத்துவிட்டது. தூபரோன் துறைமுகத்து மீன் தொழிற்சாலையில் வேலை பார்த்த தந்தையும், அலுவலகங்களைத் துடைத்துச் சுத்தம் செய்த தாயும், உயிர் போய்க்கொண்டிருந்த சலவை இயந்திரத்தை மாற்றுவதற்கென வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு, ஒரு கோடையில் ஸ்பெயின் நாட்டுக் கடற்கரைக்குப் பேருந்தில் சுற்றுலா போனார்கள். டோர்தேவையும் கூட்டிச் சென்றார்கள். அவள் நினைவில் நின்றவை, பேருந்தில் வாந்தி எடுத்ததும், வெயிலில் தோள் கொப்புளித்ததும், விடுதிக் குழாயில் துருத்தண்ணீர் வந்ததும்தாம். ஊர் திரும்பிய பின், அந்தக் குளிர்காலம் முழுவதும் தாய் அழுக்குத் துணிக் கூடையை அண்டை வீட்டுக்குச் சுமந்தாள். அவ்வீட்டு இயந்திரம் சுற்றி முடிக்கும்வரை ஸ்பெயினைப் பற்றியே பேசினாள். வாரம் போகப் போகக் கடலின் நீலம் கூடியது, விடுதி பெரிதாயிற்று, வாந்தி மறைந்தே போயிற்று. வசந்தம் வருவதற்குள் அது வேறு யாரோ போய்வந்த பயணமாகிவிட்டது. தாய் பொய் சொல்லவில்லை. தான் சொன்னதை அவள் முழுமையாக நம்பினாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த சிறுமிக்கு அந்த நம்பிக்கைதான் அச்சத்தைக் கொடுத்தது. சலவை இயந்திரம் வாங்கியிருந்தால், அது எந்த வாரமும் தன்னைப் பற்றிக் கூட்டிச் சொல்லியிராது.

மணவிலக்குக்குப் பின் தனக்கென வைத்துக்கொண்ட சிறிய செங்கல் வீட்டில் டோர்தே தன் மகள் டில்டேவுடன் வாழ்ந்தாள். முன்னாள் கணவன் ஃப்ளெமிங் அதே ஊரில், துறைமுகத்துப் பக்கம், வேறொரு குடும்பத்தோடு இருந்தான். வீட்டில் சரியில்லாதது சமையலறை ஒன்றே. மழை தொடங்கினால் இழுப்பறைகள் ஊதிக்கொள்ளும். ரொட்டி சுடும் அடுப்பின் கதவை முழங்காலால் முட்டுக்கொடுத்துத்தான் மூட வேண்டும். புதிய சமையலறைக்காக அவள் நெடுங்காலமாகச் சேமித்துவந்தாள். எந்தப் பக்கம் தண்ணீர்த் தொட்டி, எந்த உயரத்தில் அலமாரி என்பதெல்லாம் முடிவாகிவிட்டன. அளவெடுக்க ஆள் வருவது மட்டுமே பாக்கி.

அப்படியிருக்க, செப்டம்பர் மாதத்தில் ஒரு மாலை, கம்பு ரொட்டியின்மேல் ஈரல் மசியலைத் தடவிக்கொண்டிருந்த டில்டே, தலை நிமிராமல் சொன்னாள்:

"அம்மா, ஒன்பதாவது முடிச்சதும் நான் விடுதிப் பள்ளிக்குப் போறேன். ஒரு வருஷம்."

அவ்வூர்ப் பிள்ளைகளில் பலர் போவதுதான். ஒன்பதாம் வகுப்புக்கும் மேல்நிலைப் படிப்புக்கும் இடையே ஓராண்டு வீட்டை விட்டு நீங்கி, தம் வயதுப் பிள்ளைகளோடு ஒரே கூரையின்கீழ்த் தங்கி, பாடி, ஆடி, படகோட்டி, இடையிடையே கொஞ்சம் படித்துவிட்டு வருவார்கள். அதற்காகப் பெற்றோர் பழைய வண்டியிலேயே போய்வருவார்கள். ஒழுகும் கூரைக்குக் கீழே வாளி வைப்பார்கள். டோர்தேவின் கணக்கில், செலவு ஏறத்தாழ ஒரு சமையலறை.

"போறேனா? போகட்டுமான்னு கேக்க மாட்டியா?"

"போகட்டுமா?"

"எதுக்கு?"

"வாழ்க்கையிலயே நல்ல வருஷம் அதுதான்னு எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும்னா யாரு?"

"போயிட்டு வந்த எல்லாரும்."

"எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொன்னா, யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்கன்னு அர்த்தம்."

டில்டே ரொட்டியைத் தட்டில் வைத்தாள். "நான் என்ன பழைய டோஸ்டரையா கொண்டாந்து குடுத்தேன், இப்படிக் கவுத்துப் பாக்கற?"

அன்றே டோர்தே ஃப்ளெமிங்கைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"நீதானே இதை அவ மண்டையில ஏத்தினது?"

"எதை?"

"நடிக்காதே. விடுதிப் பள்ளியை."

"நீ சொல்லித்தான் எனக்கே தெரியுது. ஆனா நல்ல விஷயந்தான், டோர்தே. எங்க அக்கா பொண்ணு போனா. வாழ்க்கையிலயே நல்ல..."

அவள் தொடர்பைத் துண்டித்தாள்.

ஃப்ளெமிங் இல்லையென்றால் வேறு யார்? தோழிகளாக இருக்கலாம் என்று எண்ணி, டில்டேவின் வகுப்புத் தோழி ஒருத்தியைக் கடை வாசலில் நிறுத்தி விசாரித்தாள். அவள் வேறொரு பள்ளிக்குப் போகிறாளாம். டில்டே குறித்துவைத்திருக்கும் பள்ளிக்கு வகுப்பில் ஒருவரும் போகவில்லையாம். தெரிந்த முகமே இல்லாத இடத்தைத் தேடிப் பிடித்திருக்கிறாள். அப்படியானால் அங்கே இருப்பது எதுவும் அவளை இழுக்கவில்லை. இங்கே இருக்கும் ஏதோ ஒன்று அவளைத் தள்ளுகிறது.

கவுண்டரில் டோர்தே நன்கறிந்த செய்தி ஒன்று உண்டு. பொருளைத் திருப்பித் தர வருகிறவர் வெறுப்பது பெரும்பாலும் அப்பொருளையன்று, அதைக் கொடுத்தவரை. மாமியார் வாங்கிக் கொடுத்த விளக்கு எப்போதும் வெளிச்சம் போதவில்லை என்றே திரும்பி வரும். மகள் திருப்பித் தர நினைப்பதும் இந்த வீட்டையன்று என்று அவளுக்குத் தோன்றியது.

மகளைச் சோதித்துப் பார்க்க அவள் ஒரு வழி கண்டாள். அலமாரிக் கதவுகளுக்கான நிற அட்டைகளை மேசைமேல் விசிறிபோல் விரித்து, "நீயே ஒண்ணை எடு. உனக்குப் பிடிச்ச நிறத்தையே போட்டுடலாம்," என்றாள். பச்சை என்றோ சாம்பல் என்றோ டில்டே வாய் திறந்தால் போதும். அவள் மனம் இன்னும் இந்த வீட்டில்தான் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

டில்டே அட்டைகளைப் புரட்டக்கூட இல்லை. "எது வேணும்னாலும் போட்டுக்கோம்மா. நீதானே இங்க இருக்கப் போற," என்றாள்.

செப்டம்பர்க் கடைசி ஞாயிற்றுக்கிழமையன்று, நாட்டிலுள்ள விடுதிப் பள்ளிகள் எல்லாம் ஒருசேரக் கதவைத் திறந்து, பெற்றோரையும் பிள்ளைகளையும் பார்வையிட அழைக்கும். டோர்தே போவதற்கு இசைந்தாள். பள்ளியில் இருக்கும் குறையைத் தேடிக் கண்டுபிடித்து, மகளின் கண்ணெதிரே எடுத்து வைப்பது அவள் நோக்கம். படகுத்துறையில் வண்டியோடு ஏறி அக்கரை சேர்ந்து, மணல்மேடுகளை ஒட்டி வடக்கே போனார்கள். பள்ளியின் கொடிமரத்தில் கொடி பறந்தது. பட்டப்பகலில் சன்னல்தோறும் மெழுகுவத்தி ஏற்றியிருந்தார்கள். வாசலிலேயே பட்டை மணக்கும் ரொட்டிச் சுருளும் காப்பியும் கையில் கொடுக்கப்பட்டன. கூடத்தில் மாணவர் அனைவரும் படிக்கட்டுப்போல் வரிசையாக நின்று பாடினார்கள். சுற்றி நின்ற தாய்மாரிற் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டனர். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. அது அவளுடைய சந்தேகத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை. உட்காரவைத்துக் காப்பி கொடுக்கும் கடையில் அவள் ஒருநாளும் எதையும் வாங்கியதில்லை.

அவர்களுக்குப் பள்ளியைச் சுற்றிக்காட்ட வந்தவள் ஆஸ்டா என்ற மாணவி. உயரமானவள், தடித்த ஸ்வெட்டர் போட்டிருந்தாள், சளி பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தாள். இருவர் தங்கும் அறை ஒன்றைத் திறந்துகாட்டினாள். டோர்தே மெத்தையை உள்ளங்கையால் அழுத்தினாள். அதன் மூலையைத் தூக்கிக் கீழே பார்த்தாள். பிறகு துணி அலமாரிக்குள் தலையை நீட்டி மோந்தாள்.

"அம்மா," என்று பல்லைக் கடித்தாள் டில்டே.

"பாக்கத்தானே கூப்பிட்டிருக்காங்க?" என்ற டோர்தே, ஆஸ்டாவின் பக்கம் திரும்பினாள். "இங்க ஈரம் ஏறியிருக்கு."

"ஆமா. நவம்பர்ல இன்னும் மோசமா இருக்கும். நான் ரெண்டாவது வருஷம் இருக்கேன். போன நவம்பர்ல என் ஸ்வெட்டர்ல பூஞ்சை புடிச்சிருச்சு."

மறுப்புக்குத் தயாராக நின்ற டோர்தே, அடுத்த கேள்வியைச் சற்றுத் தாமதமாகத்தான் கேட்டாள்.

"சாப்பாடு எப்படி?"

"புதன்கிழமை நல்லா இருக்கும்."

"மத்த நாள்ல?"

"புதன்கிழமைக்காகக் காத்திருப்போம்."

"கூட இருக்கற பொண்ணு சரியா அமையலன்னா?"

"எனக்கு அமையல. தூக்கத்துல பேசுவா, பகல்ல பேசவே மாட்டா. கிறிஸ்துமஸ் வரைக்கும் ரூம் மாத்தித் தர மாட்டேன்னுட்டாங்க."

"அழுதியா?"

"அக்டோபர் பூரா. துணி காயப்போடற ரூம்ல. அங்க மத்தியானத்துல யாரும் வர மாட்டாங்க."

டோர்தே கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தன் கடைசி அம்பை எடுத்தாள். "அப்போ வாழ்க்கையிலயே நல்ல வருஷம் இதுதானா?"

ஆஸ்டா மூக்கை உறிஞ்சியபடி யோசித்தாள். "தெரியல. ஆறாவது படிக்கறப்போ நாய் வாங்கினோம். அந்த வருஷம்தான் நல்லா இருந்துச்சு."

"பின்ன எதுக்கு ரெண்டாவது வருஷமும் வந்த?"

"இங்க நான் எந்த மாதிரி மூஞ்சியை வெச்சிருந்தாலும், ஏன்னு யாரும் கேக்க மாட்டாங்க," என்றாள் ஆஸ்டா. "வீட்டுல கேட்டுக்கிட்டே இருப்பாங்க."

டில்டே சட்டென்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் காதுமடல் சிவந்ததை டோர்தே பார்த்தாள். பிறகு பள்ளியில் எதையும் தூக்கிப் பார்க்கவில்லை.

திரும்பும்போது, படகின் மேல்தளத்தில் நிறுத்திய வண்டிக்குள்ளேயே இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். காற்று வண்டியை அசைத்தது. கண்ணாடியில் உப்புத்தண்ணீர் தெறித்தது.

"என்னாலதானா?" என்று கேட்டாள் டோர்தே.

"என்னது?"

"நீ போறது."

டில்டே தெறித்த நீர் வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கொஞ்சம்."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"பாத்தியா, இதான்." டில்டே முழுதாகத் திரும்பி உட்கார்ந்தாள். "நான் பேசாம இருந்தா என்ன மறைக்கறேன்னு கேக்கற. பேசினா எதுக்கு அடி போடறேன்னு கேக்கற. போன வாரம் சும்மா பாத்திரம் கழுவினேன். என்னடி தப்புப் பண்ணினன்னு கேட்ட."

"தப்புப் பண்ணித்தானே இருந்த?"

"கிளாஸ் ஒண்ணு உடைஞ்சுது. அதை உன்கிட்ட சொல்லத்தான் கழுவிக்கிட்டே நின்னேன். நீ கேட்டதும் சொல்லத் தோணல."

டோர்தேவுக்கு வலித்தது. ஆனால் எதிர்பாராத ஒரு நிம்மதியும் அந்த வலியோடு வந்தது. மகள் சொன்னதில் சர்க்கரை இல்லை. பட்டையும் மெழுகுவத்தியும் இல்லை. யாரும் சொல்லிக் கொடுத்ததாகவும் இல்லை. எந்தப் பக்கம் கவிழ்த்துப் பார்த்தாலும் அது உண்மையாகவே இருந்தது.

"வேற?"

"வேற என்ன? படகு ஓட்ட எனக்கு ஆசை. அதுவும் நெஜந்தான். எல்லாத்துக்கும் நீயே காரணம்னு நெனச்சுக்காத."

"ரெண்டுல எது முதல்ல..."

"அம்மா."

டோர்தே நிறுத்திக்கொண்டாள். அதற்குள் படகு கரையில் இடித்து நின்றது.

அடுத்த வாரம், அளவெடுப்பதற்கு ஐவின் என்ற தச்சர் வந்தார். மேலங்கியைக் கழற்றுவதற்கு முன்பே அளவு நாடாவை இழுத்தவரை டோர்தே தடுத்தாள்.

"புதுச் சமையலறை இப்போ இல்லங்க. இழுப்பறை வழுக்கி ஓடற தண்டவாளத்தை மட்டும் மாத்திக் குடுங்க. இந்த அடுப்புக் கதவுக்கும் ஒரு வழி பண்ணுங்க."

"ஏன், வேற ஆள் குறைச்சலாச் சொல்லிட்டானா?"

"பொண்ணு விடுதிப் பள்ளிக்குப் போறா."

"ஓ." ஐவின் நாடாவைச் சுருட்டிக்கொண்டார். "என் பையனும் போனான். திரும்பி வந்து ஒரு மாசம் எங்ககிட்ட பேசவே இல்ல. அவ்வளவு பிடிச்சிருந்துச்சு அந்த இடம்."

"பேசாததை வெச்சு பிடிச்சிருந்துச்சுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"முன்னாடியும் பேச மாட்டான். ஆனா திரும்பி வந்தப்புறம் சிரிச்சுக்கிட்டே பேசாம இருந்தான்."

இதை எந்தக் கணக்கில் சேர்ப்பதென்று டோர்தேவுக்குத் தெரியவில்லை. அவர் போன பிறகு திரும்பிப் பார்த்தாள்; கூடத்துக் கதவருகே டில்டே நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, தாயை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"ஏன் ஒத்துக்கிட்ட?"

"சும்மாத்தான்."

"நீ எதையும் சும்மா செய்யற ஆள் இல்ல. என்ன திட்டம்?"

"திட்டம் ஒண்ணும் இல்லடி. போகட்டும்னு தோணுச்சு."

"எப்பலேருந்து? அப்பாகிட்ட ஏதாவது பேசினியா? இல்ல, வாராவாரம் வந்து என் அலமாரியை மோந்து பாக்கலாம்னு இருக்கியா?"

உள்ளதை உள்ளபடி சொல்லியும் நம்பப்படாமல் நிற்பது எப்படி இருக்கும் என்பது டோர்தேவுக்கு அதுவரை தெரியாது. கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்றுகூடத் தெரியவில்லை. சொல்லச் சொல்ல மகளின் முகம் இறுகியது. வெறும் நல்லெண்ணத்தை இந்தப் பெண் வாங்கமாட்டாள் என்பது விளங்கியதும், டோர்தே வேறு வழியின்றி ஒரு நிபந்தனையைத் தேடிப் பிடித்தாள்.

"சரி, சொல்லிடறேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஃபோன் பண்ணணும். நல்லதை மட்டும் சொல்லி ஏமாத்தக் கூடாது. ஈரம், சாப்பாடு, கூட இருக்கறவ, எல்லாத்தையும் சொல்லணும்."

"அதானே பாத்தேன்," என்றாள் டில்டே. அவள் தோள்கள் தளர்ந்தன. "அழுதா?"

"அதையும்."

"அப்போ ஏன்னு கேப்ப."

"கேக்காம இருந்து பாக்கறேன்."

"அதை நம்பறதுக்கில்ல," என்று சொல்லிவிட்டு, டில்டே ரொட்டியை எடுத்து வெட்ட உட்கார்ந்தாள்.

மறு ஆகஸ்டில் டோர்தே மகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். முதல் ஞாயிறு தொலைபேசி அடிக்கவில்லை. டோர்தே தானாக அழைக்கவுமில்லை. ஆனால் அன்று முழுவதும் தொலைபேசியைத் தூக்கிக்கொண்டே வீட்டுக்குள் நடந்தாள். இரண்டாம் ஞாயிறு, மாலை உணவுக்கு முன் டில்டே அழைத்தாள்.

"அறையில ஈரம், ஆஸ்டா சொன்ன மாதிரியே," என்று ஒப்பிப்பதுபோல் தொடங்கினாள். "கூட இருக்கறவ குறட்டை விடறா. நேத்து மீன் வேகவே இல்ல. படகுல ஏறினா கால் பூரா நனையுது. போதுமா?"

"வேற?"

"வேறயா? ம்... மெத்தை கல்லு மாதிரி இருக்கு."

அவளுக்குப் பின்னால் சில பெண்பிள்ளைகளின் சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரோ அவள் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். யாரோ கதவைத் தட்டினார்கள். டில்டே தொலைபேசியைப் பொத்திக்கொண்டு அவர்களுக்கு ஏதோ பதில் சொன்னாள், அவளும் சிரித்தாள்.

மகளை விட்டுவரப் போன நாளில் அந்த மெத்தையை டோர்தே தன் கையால் அழுத்திப் பார்த்திருக்கிறாள். அது மெத்தென்றுதான் இருந்தது. மீனும் வெந்துதான் இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. கேட்டுவிடலாமா என்று ஒரு கணம் நாக்கு நுனிவரை வந்தது.

"கல்லு மாதிரியா? அடடா," என்றாள். "சரி, போ. கூப்பிடறாங்க பாரு."